பிள்ளை பெற்றவளுக்கு இளநீர் கிடையாது

இந்த ஊரில் நோயாளியைப் பார்க்கப் போகிற யாரும் வெறும் கையோடு போவதில்லை. மஞ்சள் காமாலையா, இளநீர். அம்மை இறங்கியதா, இளநீர். நீர்க்கடுப்பா, வெயிலில் மயக்கமா, இளநீர். கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த என் தம்பிக்குக்கூட ஆளாளுக்கு இளநீர் வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டுப் போனார்கள். காலுக்கும் இளநீருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளை பெற்ற ஒருத்தி நாக்கு வறண்டு கிடந்தால் மட்டும் அது விஷமாகிவிடும். இந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று கேட்டுக் கேட்டே நான் செத்துப் பிழைத்தேன். குழந்தைக்கு இப்போது பல் முளைக்கிறது, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. உங்கள் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி யாராவது இருந்தால் என் ஆத்திரத்தைத் தள்ளிவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் பேசுகிற வேலை. ஷிப்ட் முடிந்து தியாகராய நகரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தொண்டை உமிபோல் இருக்கும். பனகல் பார்க் ஓரம் இளநீர்க்காரர் என்னைப் பார்த்ததுமே ஒரு காயைத் தட்டிப் பார்த்து எடுத்து வைத்துவிடுவார். முதல் மடக்கில் லேசான உப்பு, அப்புறம்தான் இனிப்பு. குடித்து முடித்ததும் காயை இரண்டாகப் பிளந்து, மட்டையிலேயே ஒரு சில்லு சீவித் தருவார். அதால் வழுக்கையைச் சுரண்டித் தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வயிற்றில் குழந்தை வந்த பிறகு என் மாமியாரே கடைப்பையனை அனுப்பி இளநீர் வாங்கி வரச் செய்தார். "குடி தாயி, சூடு தணியும், பிள்ளைக்கு நல்லது" என்பார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து உஸ்மான் ரோடு பக்கம் பாத்திரக்கடை வைத்த குடும்பம். கடையை என் கணவர் பார்த்துக்கொள்கிறார், வீட்டை அத்தை பார்த்துக்கொள்கிறார். எனக்கு அம்மா இல்லை. அதனால் முதல் பிரசவம் அம்மா வீட்டில் என்ற வழக்கம் எனக்கு வாய்க்கவில்லை, அத்தைதான் எல்லாம். மயிலாப்பூரில் ஒரு டாக்டரம்மாவின் நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். கைராசிக்காரர், தெருவில் பாதிக் குழந்தைகள் அவர் கையால் பிறந்தவை. கத்திரி வெயில் கொளுத்திய நேரத்தில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி நீண்டு, ஆயுதம் போட்டு எடுத்தார்கள். சிறுநீர் இறங்காமல் ரப்பர் குழாய் வைத்து எடுத்தார்கள். அந்தக் குழாய் வழியாகத்தான் பின்னால் வந்த வினை ஏறியது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

குழந்தை பிறந்த அன்றே பத்தியம் ஆரம்பமானது. காதில் பஞ்சு, வயிற்றைச் சுற்றி இறுக்கிய துணிக்கட்டு, சாப்பாட்டுக்குப் பூண்டும் மிளகும் போட்ட குழம்பு, மேலே ஒரு உருண்டை லேகியம். எல்லாமே உஷ்ணம். தண்ணீர்? சாப்பிட்டு முடித்ததும் சுக்குத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய வெந்நீர், டம்ளரின் அடியில் கொஞ்சம். அதையும் அத்தை கையில் பிடித்துக்கொண்டு, மூன்று வாய் இறங்கியதும் பிடுங்கிக்கொள்வார்.

"இன்னும் கொஞ்சம் குடுங்க அத்தை. தொண்டை எரியுது."

"குடிக்கப்பிடாது தாயி. பச்சை உடம்பு. தண்ணி குடிச்சா வயிறு தொங்கிப் போயிரும். பால் வழியா பிள்ளைக்குப் போயி சளி கட்டும், மாந்தம் வரும். பொறுத்துக்க."

என் வயிறு தொங்கினால் தொங்கட்டும் என்று வாதாடலாம். பிள்ளைக்கு ஆகாது என்று சொன்ன பிறகு என்ன வாதாடுவது? பெற்றவளின் வாயை அடைக்க இதைவிடப் பெரிய பூட்டு கிடையாது. நான் குடிக்கிற ஒவ்வொரு சொட்டுக்கும் அந்தச் சிசு பதில் சொல்லவேண்டுமாம். புழுக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, உதட்டை நக்கிக்கொண்டு படுத்திருந்தேன். பக்கத்து அறையில் யாரோ கூஜாவிலிருந்து தண்ணீர் சாய்க்கிற சத்தம் கேட்டால் அழுகை வந்துவிடும்.

இதில் உச்சம் என்ன தெரியுமா? எனக்குப் பால் சுரக்கவில்லை. தண்ணீரே உள்ளே போகாத உடம்பில் பால் எங்கிருந்து வரும்? குழந்தை கத்தியது. அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார்கள்! பிறந்து கண் திறக்காத குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாம், பெற்றவளுக்குக் கொடுத்தால் குழந்தைக்கு ஆகாது. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் சொன்னாலும் சிரிப்பார்கள். நர்சிங் ஹோமில் ஒருவரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா காலையில் சுற்றி வரும்போது, "நிறைய தண்ணி குடிக்கணும், சரியா?" என்று சொல்லிவிட்டு நாடி பார்ப்பார். அத்தை உடனே, "பிள்ளை பெத்த உடம்பு டாக்டரம்மா" என்பார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "சரி, சரி, வெதுவெதுன்னு கொஞ்சமாக் குடுங்கோ" என்று இறங்கி வந்துவிடுவார். ஒரு நாள் அத்தை சாப்பாடு எடுத்து வர வீட்டுக்குப் போயிருந்தபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர், ஒரே ஒரு இளநீர் குடிக்கலாமா? நீங்க சொன்னாத்தான் குடுப்பாங்க."

"இளநீரா? அது மட்டும் வேண்டாம்மா. பெரியவா மனசு கஷ்டப்படும்."

"குடிச்சா ஏதாவது ஆகுமா?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா எங்காத்துலயே எங்கம்மா எனக்கு ரெண்டு பிரசவத்துலயும் சொட்டுத் தண்ணி குடுக்கலை. நான் படிச்சதை அவகிட்டச் சொல்லிண்டா இருந்தேன்? பல்லைக் கடிச்சுண்டு இருந்துடு. எல்லாம் சரியாப் போயிடும்."

அத்தையை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன், இந்த அம்மாளை மன்னிக்கவே மாட்டேன். தெரியாமல் செய்கிறவரோடு சண்டை போடலாம். தெரிந்தும் சிரித்துக்கொண்டு நகர்ந்து போகிறவரை என்ன செய்வது? சுவரில் மாட்டியிருந்த பட்டம் எதற்கு?

என் கணவருக்குத்தான் பொறுக்கவில்லை. வாய் திறந்து அம்மாவை எதிர்க்கிற ஆள் அல்ல அவர். அதனால் திருட்டு வழியைப் பிடித்தார். ஒரு மத்தியானம் காபி பிளாஸ்க்கில் இளநீரை ஊற்றி எடுத்து வந்தார். மூடியில் ஊற்றி என் வாயருகே கொண்டுவந்தார். ஒரு வாய் உள்ளே போனது. அந்த ஒரு வாயை இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது. அதற்குள் ஆயா பூங்காவனம் வாளியோடு உள்ளே வந்துவிட்டாள். ஒரு மோப்பம்தான்.

"இன்னாய்யா இது? எளநியா? படிச்ச ஆளு மாதிரி கீற, பச்ச ஒடம்புக்குப் போயி எளநி குடுக்கறியே! ஜன்னி கண்டுச்சின்னா யாரு ஜவாப் சொல்றது?"

"கொஞ்சம்தான்..." என்று இழுத்தார் என் கணவர்.

"கொஞ்சமும் வாணாம், நெறையவும் வாணாம். இப்டிக் குடு."

பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் வாஷ்பேசினில் ஊற்றியிருந்தால்கூடப் பரவாயில்லை. "வீணாக்கக் கூடாது" என்று சொல்லி, என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, மூடி மூடியாக ஊற்றி அத்தனையையும் குடித்தாள். கடைசியில் "நல்லா இனிப்பாக் கீது" என்று வேறு சொன்னாள். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே எனக்குக் குளிர் கண்டது. பல் கிட்டிப்போய்க் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். பிறகு காய்ச்சல் கொதித்தது. வலது விலாவுக்குக் கீழே முதுகில் குத்தி இழுத்தது. சிறுநீர் சொட்டுச் சொட்டாக, நெருப்பாக, டீத்தண்ணீர் நிறத்தில் போனது. இதெல்லாம் சிறுநீரகத்தில் கிருமி ஏறியதன் அடையாளம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். குழாய் வைத்த இடத்தில் நுழைந்த கிருமியைக் கழுவித் தள்ள உடம்பில் நீர் ஓடவேண்டும். ஓடவில்லையென்றால் கிருமி நிதானமாக மேலே ஏறிக் குடியிருக்கும். என்னிடம் நீர் ஏது?

ஆனால் அங்கே தீர்ப்பு அதற்குள் எழுதியாகிவிட்டது. இளநீர் குடித்தாள், ஜன்னி வந்துவிட்டது. பூங்காவனம் ஊருக்கெல்லாம் சொன்னாள். அத்தை முகம் வெளுத்துப்போய், "சொன்னேனே, சொன்னேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகனை ஒரு வார்த்தை திட்டவில்லை, அவரைப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து சுக்கு வெந்நீரும் நின்றது. ஈரத்துணியால் உதட்டைத் துடைப்பதோடு சரி. டாக்டரம்மா ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். மாத்திரையை விழுங்கத் தண்ணீர் இல்லாமல் தொண்டையில் ஒட்டிக்கொண்டு வாந்தி வந்தது. வாந்தியில் மிச்சமிருந்த நீரும் போனது. ஒரு கட்டத்துக்குப் பிறகு எனக்கு நினைவு துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, "தண்ணீர் லைனைக் கொடுங்கள்" என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தேனாம்.

அதைக் கேட்டுத்தான் என் கணவருக்கு வேகம் வந்திருக்கிறது. அம்மாவிடம் கேட்காமல், டாக்டரம்மாவிடமும் கேட்காமல் டாக்சி கூப்பிட்டு வந்துவிட்டார். அத்தை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறினாராம். புறப்படுகிற அவசரத்திலும் நர்சிங் ஹோமில் பில்லை நீட்டினார்கள். அதில் வெந்நீருக்கென்று தனியாக ஒரு கட்டணம் போட்டிருந்தார்களாம். மூன்று வாய் வெந்நீருக்கு! இதைச் சொல்லும்போது மட்டும் என் சாது கணவர் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறார்.

அரசாங்கப் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் நீளமான வார்டு, வரிசையாக இரும்புக் கட்டில்கள், தலைக்கு மேல் கிரீச்சிடும் மின்விசிறி. என்னைப் பார்த்த டாக்டர் கட்டைக் குரல்காரர். என் புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். அது கூடாரம்போல் அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சியாம். நல்ல உடம்பில் தோல் உடனே படிந்துவிடும்.

"காலையிலேருந்து எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?" என்று அத்தையைக் கேட்டார்.

அத்தை குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஒண்ணுக்குப் போனாங்களா?"

"பச்சை உடம்பு..." என்று அத்தை ஆரம்பித்ததுதான் தாமதம், டாக்டர் வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். "பச்சை உடம்புன்னா காயப் போடுவீங்களா? இன்னும் ரெண்டு நாள் வெச்சிருந்தா பொண்ணைக் கொன்னிருப்பீங்க!"

கண்ணைத் திறக்கவே முடியாமல் கிடந்த எனக்கு அந்தச் சத்தம் நாதஸ்வரம்போல் இருந்தது. நன்றாகக் கேட்கட்டும் என்று நினைத்தேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

இடது கையைப் பலகையில் வைத்துக் கட்டி, பாட்டிலிலிருந்து நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றினார்கள். சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். அதாவது, கிருமியை வளர்த்துப் பார்த்து எந்த மருந்துக்கு அது சாகும் என்று கண்டுபிடிக்கிற பரிசோதனை. முடிவு வரும்வரை ஒரு ஊசி, வந்த பிறகு வேறு ஊசி. சிறுநீரகம் தப்புமா என்று அவர்களுக்கே நிச்சயமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் இறங்கியது, வாந்தி நின்றது. அப்போது டாக்டர் சொன்னார்: "இனிமே வாயால குடிக்கணும். தண்ணி, மோர், கஞ்சி, எது இறங்குதோ அது. வாசல்ல இளநீர் இருக்கு, தினம் வாங்கிக் குடுங்க. உப்பும் சர்க்கரையும் அதுலயே இருக்கு. தாய் குடிச்சாத்தான் பிள்ளைக்குப் பால்."

அத்தை வாங்கி வந்தார். மறுக்கவில்லை. ஆனால் தன் கையால் எனக்குக் கொடுக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் தனம் என்றொரு பெண் இருந்தாள், நொச்சிக்குப்பத்துக்காரி. இளநீரை டம்ளரில் ஊற்றி அவளிடம் நீட்டி, "ஏ தாயி, இதை அவளுக்குக் குடுத்திரு" என்பார். உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வார்டை விட்டு வெளியே வராந்தாவுக்குப் போய்விடுவார். நான் குடித்து முடித்து, தனம் டம்ளரைக் கழுவி வைத்த பிறகுதான் உள்ளே வருவார்.

"மெதுவாக் குடி கண்ணு, பொற ஏறிக்கப் போவுது" என்று தனம் என் தலையைத் தாங்கிக்கொள்வாள். "இன்னா ஒன் மாமியா, எளநியக் கண்டா பேயக் கண்ட மாதிரி ஓடுது?"

"வீம்பு" என்றேன். "தோத்துப்போனதை ஒத்துக்க மனசு வரலை."

அப்படித்தான் நம்பினேன். டாக்டர் சொன்ன பிறகும், நான் தேறுவதைக் கண்ணால் பார்த்த பிறகும், பிடித்த பிடியை விடாத கிழவி என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே குடித்தேன். பால் சுரக்க ஆரம்பித்தது. குழந்தை குடித்துவிட்டு வயிறு உப்பித் தூங்கியது. அதையும் அவர் கண்டுகொள்ளவில்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சல்.

தனத்தை வீட்டுக்கு அனுப்பிய அன்று மத்தியானம், அத்தை வழக்கம்போல் டம்ளரோடு வந்தார். அந்தக் கட்டில் காலி. நர்ஸ் எங்கேயோ வேலையாக இருந்தார். பார்வையாளர் நேரம் முடிந்து வார்டே கண்ணயர்ந்திருந்தது. அத்தை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏன் அத்தை, நீங்க குடுத்தா கை அழுகிடுமா? நான் செத்தாலும் பரவாயில்லை, உங்க பத்தியம் ஜெயிக்கணும், அப்படித்தானே?"

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். டம்ளரை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். குழந்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது.

"உன் வீட்டுக்காரனுக்கு மேல ஒண்ணு இருந்திச்சு, தாயி" என்றார். "பொட்டப்பிள்ள. அவனுக்கே தெரியாது."

எனக்கும் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

"அப்ப எனக்கு உன் வயசுகூடக் கெடையாது. இதே மாதிரி வெயிலு. இதே மாதிரி தாகம். பின்வாசல்ல மரம் ஏறுத ஆளுக்கு இளநி வெட்டிக் குடுத்திருந்தாவ. ஒண்ணுல பாதி மிச்சம் கெடந்திச்சு. யாரும் பாக்காம எடுத்துக் குடிச்சிட்டேன். அந்த ருசி, அதுக்கு முன்னாலயும் இல்ல, பொறவும் இல்ல." குழந்தையின் துணியை இழுத்துவிட்டார். "குடிச்ச நாலாம் நாளு பிள்ளைக்கு இழுப்பு வந்திட்டு. போயிட்டு."



"அது இளநீரால இல்லை அத்தை" என்றேன். குரல் எனக்கே உறைக்கிற அளவுக்கு உயர்ந்துவிட்டது. "இழுப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. யாரு சொன்னது உங்ககிட்ட? யாரு சொன்னதுன்னு சொல்லுங்க!"

அவர் யோசித்தார். உண்மையாகவே ஒரு பெயரைத் தேடிப் பார்த்ததுபோல் இருந்தது.

"எல்லாரும்தான்" என்றார்.

இத்தனை நாளாக யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெளிவாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அத்தைமேல், பூங்காவனத்தின்மேல், சிரித்துக்கொண்டே போன டாக்டரம்மாமேல். இப்போது கோபம் முன்னைவிடப் பல மடங்காகிவிட்டது, போய் விழத்தான் ஒரு முகம் இல்லை. சின்னப் பெண் ஒருத்தி தாகத்தில் நாலு வாய் குடித்ததற்கு, பெற்ற பிள்ளையைக் கொன்றவள் என்று அவளை நம்பவைத்து, வாழ்நாள் முழுக்க அந்த நம்பிக்கையோடு பாத்திரம் தேய்க்கவும் கோலம் போடவும் விட்டிருக்கிறார்கள். கட்டைக் குரல் டாக்டர் அவரைப் பார்த்துக் கத்தினாரே, அவரும் ஒரு வார்த்தை ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"நீங்களே குடுங்க" என்றேன்.

"வேண்டாம் தாயி. என் கையால வேண்டாம். அந்தா நர்சு வரட்டும்."

"நர்சு வேண்டாம். உங்க கையாலதான் குடிப்பேன். இல்லேன்னா எனக்கு இளநீரே வேண்டாம்."

அவர் முதலில் குழந்தையைத் தூக்கப் போனார், வராந்தாவுக்குக் கொண்டுபோக. நான் கட்டுப்போடாத கையைக் குழந்தையின்மேல் வைத்துக்கொண்டேன். "அவ இங்கேயே இருக்கட்டும்."

அத்தை டம்ளரை எடுத்தார். ஒரு கையால் என் தலையைத் தூக்கினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு டம்ளரைச் சாய்த்தார். குறி தப்பிப் பாதி என் கழுத்திலும் தலையணையிலும் வழிந்தது. மீதியைச் சொட்டு விடாமல் குடித்தேன்.

கண்ணைத் திறந்து அவர் என்னைப் பார்க்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்தார். சாயங்காலம் வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. குழந்தையின் மூக்கருகே அடிக்கடி விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படித்தான். நாலாம் நாள் காலையில் விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றார். குழந்தை காலை உதைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. அத்தை அதன் அழுகையை நிறுத்தவில்லை. நின்றபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.